ஆடிக் கிருத்திகையும் வழுவா வரமும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குள் கல்யாண வேன் நுழையாது என்பது ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். காவடிக் கூட்டத்துக்காக வண்டிகளைக் கனகம்மாசத்திரத்திலேயே மடக்கிவிடுவார்கள். தெரியாதவர், போன மாதம் கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்த கத்தோலிக்கப் பங்குச் சாமியார் ஒருவர்தான். ஆடியில் மண்டபம் சல்லிசாகக் கிடைக்கும், ஏதாவது ஒரு நாள் குறியுங்கள் என்று ராயப்பன் கேட்டிருந்தார். ஞாயிறு பூசையில் அவர் மகள் பிரியங்காவுக்குச் சாமியார் அறிவித்த நாள், சரியாக அந்தக் கிருத்திகை.

மாப்பிள்ளை வீட்டார் பூந்தமல்லியிலிருந்து வர வேண்டும். ராயப்பன் சாமியார் வீட்டுக்கு ஓடினார். வாசற்படியில், கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவும் உபதேசியார் ஆனந்தன் உட்கார்ந்திருந்தார். சாமியாருக்கும் சனங்களுக்கும் நடுவே ஒரு கதவு தேவை என்று தானே முடிவெடுத்து, தானே கதவாகவும் ஆனவர்.

“தேதிய மாத்தணும், உபதேசியாரே.”

“பீடத்துல நின்னு சாமி சொன்னத மாத்தறதா? சொன்னா தப்பே வராத வழுவா வரம்னு ஒண்ணு கீது, கேள்விப்பட்டுகிறியா நைனா?”

“அது போப்பாண்டவருக்கு. அதுவும் விசுவாசம், ஒழுக்கம்னு மொத்தத் திருச்சபைக்கும் முறையா அறிவிச்சாத்தான். திருத்தணி பஸ் ரூட்டுக்கு அவருக்கே அந்த வரம் இல்ல.”

“போப்பாண்டவரு பிஷப்ப வெச்சாரு. பிஷப்பு சாமிய வெச்சாரு. வரம் நடுவுல எங்க அறுந்துபூடும்?”

“அப்டியே உன் வரிக்கும் வந்துகினு கீதா?”

ஆனந்தன் அடக்கமாகச் சிரித்தார். மறுக்கவில்லை.

சத்தம் கேட்டுச் சாமியாரே வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும், “மன்னிச்சுக்கோங்க, தப்பு என்னோடதுதான். அடுத்த புதன்கிழமை வச்சுக்கலாம்” என்றார்.

ராயப்பன் ஆனந்தனைப் பார்த்தார்.

“சாமி தாழ்ச்சியில சொல்றாரு. நாம அத அப்டியே எடுத்துக்கக் கூடாது.”

“இல்ல ஆனந்தன், நிஜமாவே தப்பு.”

“எவ்ளோ தாழ்ச்சி பாரு, ராயப்பா.”

அந்த வரத்தைப் பற்றி வத்திக்கான் சங்கம் உண்மையில் என்ன சொன்னது என்று சாமியார் பொறுமையாக விளக்கினார். ஆனந்தன் கண்ணை மூடி, கைகூப்பிக் கேட்டார். விளக்கம் முடிந்தது. தேதி அசையவில்லை.

சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று கோயிலுக்குள் போய், பீடத்தில் ஏறி நின்று, காலி பெஞ்சுகளைப் பார்த்து, “அடுத்த புதன்கிழமை” என்றார்.

“ஆங்” என்றார் பின்னாலேயே வந்த ஆனந்தன். “இத மொதல்லயே இங்க நின்னு சொல்லியிருக்கலாமே சாமி.” சாக்பீஸை எடுத்துக்கொண்டு அறிவிப்புப் பலகைக்கு நடந்தார். “வழுவாதுன்னா வழுவாதுதான்.”

அந்த வரம் புதன்கிழமைக்கும் கிடையாது என்று சொல்ல ராயப்பன் வாயைத் திறந்தார். பூந்தமல்லி வேன் மனக்கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.