பலகைக்கு வரமாட்டேன் என்ற பெரியப்பா

லேசர் மெஷினில் போட்டு மரப்பலகையில் போட்டோ பதிப்பதற்கு முன்னால், போட்டோவில் இருக்கிறவர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் வரமாட்டார்கள். அவர்கள் நிற்க வேண்டிய இடம் வெறும் மரமாகவே இருக்கும். மெஷின் வாங்கிய எட்டு மாதத்தில் கோகிலவாணிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. செத்துப்போனவர்களால் தொந்தரவே கிடையாது. தட்டை நீட்டினால் வந்து நின்றுவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவர்கள்தான் பாடாய்ப் படுத்துவார்கள்.

அன்றைக்குப் படுத்தியவர் சிவகாமி டீச்சரின் பெரியப்பா காளியண்ணன்.

டீச்சர் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு கட்டியிருந்தார். மறுநாள் கிரகப்பிரவேசம். பழைய வாசற்கதவில் கரையான் மிச்சம் வைத்தது ஒரே ஒரு பலகை. முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கதவருகே டீச்சரின் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா நான்கு பேரும் நின்று எடுத்த போட்டோவை அதே பலகையில் பதித்துப் புது வாசலுக்கு மேலே மாட்ட வேண்டும். கெட்டுப்போனால் வேறு பலகைக்கு வழியில்லை.

கோகிலவாணி இடுப்பில் குழந்தையோடு, லேப்டாப்புக்கு முன்னால் தட்டை வைத்து, இடது பக்கத்திலிருந்து வரிசையாக அழைத்தாள். இடது ஓரத்தில் நின்றவர் டீச்சரின் அப்பா நாச்சிமுத்து. காளியண்ணனுக்குத் தம்பி. செத்து ஆறு வருடமாகிறது.

மெஷின் கீழிருந்து மேலாகச் சுட்டுக்கொண்டு போனது. மூன்று பேரின் பாதங்கள் வந்தன. காளியண்ணனின் பாதம் வரவில்லை. கோகிலவாணி மெஷினை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

"ஏனுங், என்னாச்சுங்?"

"மூத்தவன் நான் இருக்கறப்ப சின்னவனுக்கு மொதல் வெத்தலையா? நான் வல்லே."

"தெரியாம வெச்சுட்டனுங். இந்தாங், உங்களுக்குத் தனித் தட்டு."

"ரெண்டாந்தட்டு எனக்கெதுக்கு?"

குழந்தை அதற்குள் பாக்கை வாயில் போட்டிருந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா இல்லாத பலகைய எப்படிம்மா மாட்டறது? எங்கப்பாவும் பெரியப்பாவும் ஒண்ணா நின்ன படம் இது ஒண்ணுதான்" என்றார் டீச்சர். "இரு, அவரையே கூட்டிட்டு வர்றேன்."

காளியண்ணனுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கைத்தடியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"அவன் அப்பவே அப்படித்தான் கண்ணு. முறுக்குப் புடிச்சவன்" என்று கோகிலவாணியிடம் சொன்னார். பிறகு திரைப்பக்கம் திரும்பினார். "ஏன்டா, உனக்கு மூட்டு வலியா, சக்கரையா? நிக்கறதுக்கு என்னடா கேடு?"

"நீ யாரு என்னையக் கேக்க?"

"உனக்கு முப்பது வருசம் மூத்தவன்டா."

திரையில் இருந்தவர் கட்டிய கையை அவிழ்த்தார். பிறகு திரும்பாமலே கோகிலவாணியிடம், "அப்பறம் அவருக்கில்ல மொதல்ல வெக்கோணும்? உனக்கு ஒரு மொறையும் தெரியாதா?" என்றார்.

கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு கிழவருக்கு முதல் தட்டு, திரையில் இருந்தவருக்கு அடுத்த தட்டு என்று வைத்தாள். அதன் பிறகுதான் அவர் முன்பக்கம் திரும்பி நின்றார். விட்டுப்போன பாதங்களை மட்டும் தனியாகச் சுட்டபோது இரண்டுக்குப் பதில் நான்கு பாதங்கள் வந்தன. ஒரு கைத்தடியும் வந்தது. அழைத்துவிட்ட பிறகு கிழவரை வராதே என்று சொல்ல முடியுமா?

ஐந்து பேருக்குப் பலகை போதவில்லை. "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, அக்கட்டால நகருங்க" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு காளியண்ணன்களும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நாச்சிமுத்துதான் நகர்ந்து கொடுத்தார். மெஷின் நின்றபோது அவருடைய வலது கை பலகைக்கு வெளியே, முழங்கையிலிருந்து விரல்வரை, நீட்டிக்கொண்டிருந்தது.

"இத உள்ள தள்ள முடியாதுங் டீச்சர். அறுக்கவும் மனசு வல்லே."

"இருக்கட்டும்மா."

கை வெளியே தெரியும்படி பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். டீச்சர் ஆட்டோவில் பெரியப்பாவை ஒரு பக்கம் உட்காரவைத்துப் பலகையை மடியில் நிறுத்தினார். அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். சுட்ட சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. விட்டதும், கை வெளியே நீண்டு எதிர்க்கடைக்காரரைப் பார்த்து ஆடியது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"அப்பாவக் கைய உள்ள வெச்சுக்கச் சொல்லுங்க டீச்சர். லாரி வருது."