மேல்வீட்டுப் பாட்டு

உலகத்திலேயே கான்கிரீட் கூரை வழியாக, ஓர் ஆணிகூடப் பிடுங்காமல், முழுப் பாட்டைத் திருடிய ஒரே ஆள் நான்தான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கும் ஒருவரும் நம்பவில்லை. மானம் போனதே அதனால்தான்.

எங்கள் மேல்வீட்டுப் பெண்ணுக்கு மருந்துக்கடையில் வேலை. பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, என் தலைக்கு நேர் மேலே குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி ராப் பாட்டுக் கட்டுவாள். நான்கு மாதம் ஒரே பாட்டு. ஒரு வரியை நானூறு தடவை மாற்றினாள். நானூறு என்பது நான் குறைத்துச் சொல்வது. அவள் முடித்தபோது எனக்கும் மனப்பாடம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க ஷோ, அங்கிள். நல்லாப் பண்ணிட்டா எங்க குரூப் போடுற முதல் ஆல்பத்துல எனக்கு இடம். வாங்களேன்" என்றாள் படிக்கட்டில்.

பழைய கார் ஷெட்டில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். வெளியே சொல்லும்போது எண்ணூறு என்பேன். நிகழ்ச்சியை நடத்தியவனைச் 'சுத்தியல்' என்று அழைத்தார்கள். வாசலிலேயே அவனிடம் அளந்துவிட்டேன்.

"தம்பி, ராப்பைக் கண்டுபிடிச்சதே நான்தான். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஸ்டாண்ட் மைக்ல ஊர்ப் பேரையெல்லாம் மூச்சு விடாமச் சொன்னவன்."

"அடேங்கப்பா! அப்ப மேல ஏறுங்க பெரிசு, ரெண்டு வரி எடுத்து விடுங்க!"

ஏறினேன். பீட் ஓடியது, கூரைக்கு மேலே தினமும் கேட்ட அதே தாளம், அதே வேகம். கையில் மைக் வந்ததும் என் வாய் குழாய் மாதிரி திறந்துகொண்டது. உள்ளே இருந்தது அந்த ஒரே பாட்டுதான்.

"காலைக்கு வெள்ளை, மாலைக்கு மஞ்சள்,
வலியெல்லாம் போகுது வேற யாரோ வீட்டுக்கு;
நிக்கிற காலுக்கு நீ என்ன தருவே?"

கிழவன் மாத்திரையைப் பற்றிப் பாடினால் யார் சந்தேகப்படுவார்கள்? ஷெட்டின் தகரம் கழன்று பறக்காத குறை. கைதட்டலில் மிதந்துகொண்டே இறங்கியபோதுதான் அவளைப் பார்த்தேன். மேடை ஓரத்தில், அடுத்துப் பாட வேண்டிய ஆளாக நின்றிருந்தாள்.

அவளிடம் வேறு பாட்டு கிடையாது. ஏறினாள், முதல் வரியைத் தொடங்கினாள்.

"ஏய், இது பெரிசு பாட்டு!"

"தாத்தாகிட்டயே திருடுறியா? இறங்கு, இறங்கு!"

என் காது இரண்டும் அடுப்பில் வைத்தது போல் கொதித்தது. வழுக்கைத் தலையை எங்கே கொண்டு ஒளிப்பது? கதவு பக்கத்தில்தான் இருந்தது. நழுவிவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு திரும்பி ஏறினேன்.

"திருடன் நான்தான். இந்தப் பொண்ணு மாடியில பாடுறதைக் கீழ இருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "பெரிசுக்குப் பெரிய மனசுப்பா!" என்று எவனோ விசிலடித்தான்.

சுத்தியல் தலையாட்டினான். "கதை விடாதீங்க பெரிசு. ராப்பையே கண்டுபிடிச்சவருன்னு வாசல்ல சொன்னீங்க. இப்பக் கூரை வழியாக் கேட்டேன்கிறீங்க. அவளைக் காப்பாத்தத்தானே இந்தப் பொய்?"

வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மைக்கு இந்த மரியாதை.

அவள் என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்: "அண்ணே, பீட்டை மாத்துங்க. பாதி வேகத்துல போடுங்க. முதல்ல அவர் பாடட்டும்."

சொந்தமாகக் கட்டியவருக்கு எந்த பீட்டிலும் தன் வரியை மடக்கி உட்கார வைக்கத் தெரியும் என்பது அவள் கணக்கு. காதால் பொறுக்கியவனுக்கு ஒரே ஓட்டம்தான்.

புது பீட் யானை நடைபோல அசைந்து வந்தது. நான் 'வெள்ளை'யை முடித்தபோது அது இன்னும் 'காலை'யில் இருந்தது. காத்திருந்தேன்; அது என்னைத் தாண்டிப் போனது. மறுபடி முயன்றேன். நாக்கு குழறியது. வேண்டுமென்றே சொதப்புகிறேன் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். மூன்றாம் முறையும் உளறியபோது நெற்றியில் வியர்வை கொட்டியது; கைதட்டல் நின்றுவிட்டது. அந்த அமைதியில் நான் மூன்று அங்குலம் குள்ளமானேன்.

அவள் மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். அதே வரிகள்தான். மெதுவான பீட்டில் ஒவ்வொரு சொல்லும் கால் கடுக்க நின்றது. "நிக்கிற காலுக்கு" என்றதும் ஒரு தாளத் தட்டு நேரம் சும்மா நின்றாள்; அந்த இடைவெளியில்தான் அவளுடைய பத்து மணி நேர வேலை எனக்கே புரிந்தது. பிறகு நான் கேட்டேயிராத நான்கு வரிகளை அங்கேயே கட்டிச் சேர்த்தாள்.

சுத்தியல் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மைக்கை வாங்கினான்.

"ஆல்பத்துல இந்தப் பாட்டு இவளுது" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பெரிசு, நீங்க சொன்னது நிஜம்தான். திருடித்தான் இருக்கீங்க."