பிடரிமயிர் யாருக்கு

என் சினைப் பசுவின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்த கன்றையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தது சிங்கம். கன்றின் குளம்புகூட இன்னும் இறுகவில்லை. அதன் மேல் ஈ மொய்ப்பதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஈட்டியை எடுத்தேன். என்னோடு முன்தோல் நீக்கும் கத்திக்கு நின்று மொரான், அதாவது இளம் வீரர், ஆனவர்கள் எல்லோரும் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். ஒருவன் மாட்டைத் தொட்டால் எங்கள் எல்லோர் மாட்டையும் தொட்ட மாதிரிதான்.

மெபுகோரியும் வந்தான். மொரான் தனியாகப் பால் குடிக்கக் கூடாது, கூட இன்னொரு மொரான் வேண்டும். எனக்கு அந்த இன்னொருவன் எப்போதும் அவன்தான். ஆனால் இப்போது சிங்கங்களுக்குக் காவல் இருந்து சம்பளம் வாங்குகிறான். சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கீச்சிட்டுக் காட்டும் ஒரு பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறான்.

“சிரோன்கா, ஈட்டியக் கீழ போடுடா,” என்றான். “வனக்காவலுக்குச் சொல்லிட்டேன், வண்டி வருது. கொன்னா ஜெயிலுதான். காலம் மாறிப்போச்சுடா.”

“காலம் மாறல. நீதான் மாறிட்ட. சிங்கத்துக்குப் பொண்டாட்டியாப் போயிட்ட!”

எல்லோரும் கெக்கலி கொட்டினார்கள். எனக்கு அதுவும் போதவில்லை. “இனிமே உன்கூட பால் குடிச்சா நான் மொரானே இல்ல, போடா!”

அவன் முகம் சுண்டிப்போனது. தொடையில் வேட்டை மணியைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினான்.

வேட்டைக்குப் போகும்போது மணிக்குள் புல்லைத் திணித்துவிடுவோம், சத்தம் வராது. சிங்கத்தைக் கண்டவன் புல்லைப் பிடுங்குவான். மணி கேட்டதும் மற்றவர்கள் அந்தப் பக்கம் பாய வேண்டும். மெபுகோரி புல்லைப் பிடுங்கியது சிங்கத்தை விரட்டுவதற்காக. மடையன்! மணிச் சத்தம் எங்களை என்ன செய்யும் என்பதை மறந்துவிட்டான். சிங்கமோ என் பசுவைத் தின்று வயிறு புடைத்துக் கிடந்தது, அதால் ஓட முடியவில்லை. எதிரே மணி, பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு நாங்கள். அது மணியின் மேல் பாய்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் அதற்கு அடியில் கிடந்தான். இடது கை அதன் வாயில் இருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அது தலையை உதற உதற அவனும் சேர்ந்து தரையில் அடிபட்டான். விலாவுக்குப் பின்னால் குறி பார்த்து முழு பலத்தோடு எறிந்தேன். ஈட்டி மறுபக்கம் வந்தது. சிங்கம் திரும்பி என்னைப் பார்த்து உறுமியது, வாயில் ரத்தம் நுரைத்தது. பிறகு மற்றவர்களின் ஈட்டிகளும் இறங்க, அவன் மேலேயே சரிந்தது.

புரட்டித் தள்ளினோம். முழங்கைக்குக் கீழே தோல் மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என் சிவப்புத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அப்போது பார்த்தேன், இடுப்பில் அவன் வாள் உறைக்குள்ளேயே இருந்தது.

“சிரோன்காவோட சிங்கம்! பிடரிமயிர் சிரோன்காவுக்கு!” என்று பையன்கள் குதித்து ஆடினார்கள். அந்தக் கூத்தின் நடுவே வனக்காவல் வண்டி வந்து நின்றது.

“யாருடா கொன்னது?” என்றான் காவலன். அவனும் எங்கள் ஆள்தான். “ஒருத்தன் பேர் சொன்னாப் போதும்.”

நெஞ்சை நிமிர்த்தினேன். தான் கொன்றதை மறைக்கிற மொரானுக்கு ஊரில் முகம் ஏது?

“முதல் ரத்தம் என்னுது,” என்றான் மெபுகோரி. வலது கையில் வாளைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதிலிருந்து ரத்தம் சொட்டியது. எப்போது உருவினான், எப்போது தன் கையில் வழிந்த ரத்தத்தை அதில் தடவினான், தெரியாது.

முதல் காயம் போட்டவனுக்குத்தான் சிங்கமும் அதன் பிடரிமயிரும். வாளில் ரத்தம் காட்டியவனை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

“பொய்! வாளு உறையிலதான் இருந்துச்சு! அது என் சிங்கம்டா, திருடா!” என்று அவன் மேல் பாய்ந்தேன்.

“சாகக் கிடக்கிறவன்கிட்டயாடா பங்குக்கு வர்ற? வெக்கமா இல்ல?” என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். காவலர்கள் அவனையும் சிங்கத்தையும் ஒரே வண்டியில் தூக்கிப் போட்டார்கள். மெபுகோரி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை மிதித்து நசுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் கையை வெட்டி எடுத்தார்கள். ஆறியதும் சிறையில் போட்டார்கள். என்னோடு உட்கார்ந்து பால் குடிக்க எத்தனையோ பேர் வந்தார்கள். ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் சுரைக்குடுவையில் பாலை நிரப்பிக்கொண்டு நகரத்துக்கு நடந்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் இளைத்துக் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். குடுவையைப் பார்த்தான்.

“என்கூட குடிச்சா மொரானே இல்லன்ன?”

“குடிடா, திருட்டுப் பயலே.”

ஒற்றைக் கையால் மூடியைத் திறக்க அவனுக்கு வரவில்லை. நானே திறந்து, கம்பிகளுக்குள் கை விட்டு அவன் வாயில் சாய்த்தேன். அவன் குடித்து முடித்ததும் நானும் குடித்தேன். எவ்வளவு பசித்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.