இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

சிகந்தராபாத் ஜெனரல் பஜாரில் முப்பது வருஷமாக எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் பத்மநாபனுக்கு ஆஸ்துமா. ஒப்புக்கொண்டால் கடைச் சரக்கின் விலை இறங்கிவிடும் என்பதுபோல் அதை மறைப்பார்.

பேத்தி ஹம்ஸினியின் வீடு நாச்சாரத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் இரண்டு வருஷமாக அவளுடைய பிறந்தநாள் கேக் படியிறங்கி வந்து, பார்க்கிங்கில், ஒரு புல்லட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே வெட்டப்பட்டது. ஏழு வயதாகப்போகும் ஹம்ஸினி இந்த முறை போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "பார்க்கிங் நக்கோ, வேணாம் தாத்தா. மேலே வந்தாதான் கேக். இல்லேன்னா போட்டோ."

பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. மனைவி வேதா அவரை டாக்டர் ஸ்மிதாவிடம் இழுத்துப்போய், மாடி விவகாரத்தை வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்தார். போன நாலு வாரம் பற்றி ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க் வரை. மார்க் ஏற ஏற, நோய் அடங்கியிருக்கிறது என்று கணக்கு.

"மூச்சுத் திணறல் வந்ததா சார்?"

"வரவே இல்லை. அஞ்சு போடுங்க."

"ராத்திரி இருமி எழுந்தீங்களா?"

"எழுந்தேன். தண்ணி குடிக்க. அஞ்சு."

"வேலை கெட்டுதா?"

"கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன கெடும்? அஞ்சு."

"நீல இன்ஹேலர்?"

"தொடறதே இல்லை."

"மொத்தத்தில் நோய் எப்படி?"

"பரம சாது, டாக்டரம்மா."

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பள்ளிக்கூடம் தராத பெருமை அறுபத்திரண்டு வயதில் வந்தது.

"பிரமாதம்," என்றார் ஸ்மிதா. "அப்போ பேத்தி வீட்டுக்கு ஏறிடுவீங்க."

"அது... முட்டி வலி."

"எலும்பு டாக்டருக்கு எழுதித் தரேன். எக்ஸ்ரே, ஸ்கேன்..."

"முட்டி இப்போ பரவாயில்லை."

வேதா கைப்பையைத் திறந்தாள். காலியான நீல இன்ஹேலர் இரண்டு மேசைக்கு வந்தன. கூடவே, தினமும் இழுக்கச் சொல்லி எப்போதோ எழுதிக் கொடுத்த இன்னொன்று, சீல் பிரிக்காமல். இத்தனை நாள் பீரோவில் பட்டுப்புடவைகளோடு குடியிருந்தது.

"இது ஏன் சார் பிரிக்கலை?"

"நல்ல சரக்கு. அவசரத்துக்கு இருக்கட்டும்னு வச்சேன்."

"அவசரத்துக்கு நீலம். அவசரமே வராம இருக்கத்தான் இது. பாருங்க, காலாவதியாகி ஒரு மாசம் ஆச்சு."

பத்மநாபன் முகம் தொங்கிப்போனது. வியாதியைத் தாங்கியவரால், கெட்டுப்போன ஸ்டாக்கைத் தாங்க முடியவில்லை.

மறுபடி கேள்விகள். பத்து சதவீதத்துக்கு மேல் யாருக்கும் தள்ளுபடி தராதவர், ஒரே மூச்சில் பதினான்கு மார்க் இறங்கினார். ஒரே மூச்சு என்பது பேச்சுக்குத்தான். நடுவில் இரண்டு தடவை இருமினார். பதினொன்றில் பேரம் படிந்தது.

"மாடியே ஏறாதவருக்கு எப்படி மூச்சு வாங்கும்?" என்றார் ஸ்மிதா. "நோய் அடங்கலை சார். நீங்கதான் அடங்கிட்டீங்க."

புது இன்ஹேலர். காலை, இரவு, இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு மாதமும் வேதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

பிறந்தநாள் மாலை, நாச்சாரத்தில் முதல் மாடி ஏறியதும் பத்மநாபன் நின்று கைப்பிடிக் கம்பியைத் தட்டினார். "மட்ட ஸ்டீல். பில்டர் ஏமாத்திட்டான்."

இரண்டாவது மாடியிலும் நின்று தட்டினார்.

"கீழே பார்த்த அதே கம்பிதான்," என்றாள் வேதா.

மேலேயிருந்து ஹம்ஸினி, வெட்டிவிடுவேன் என்று தெலுங்கில் கத்தினாள்: "தாத்தா, கேக் கட் சேஸ்தா!"

"ஏய், கத்தியைக் கீழே வைடி! இதோ வந்துட்டேன், நான் வராம கேக்குல கை வச்சே பாரு!"

இத்தனையும் இருமாமல் சொன்னார். வேதா மட்டும் கவனித்தாள். மேலே போனதும், ஐம்பத்து நாலு படி ரொம்ப அதிகம், ஐம்பதுக்கு முடித்திருக்கலாம் என்று மாப்பிள்ளையிடம் ஆரம்பித்தார்.