தெருவில் ஒரே கூட்டம்

ஊரடங்கு போட்ட நாளிலிருந்து மாநகராட்சியின் புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பாதி கூட்டத்தைப் பற்றி, மீதி வண்டிகளைப் பற்றி. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிட்டால் போதும், சனங்களுக்கு அன்றைக்குத்தான் உப்பு தீர்ந்துபோகும். கடை திறந்திருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஊரே தெருவில் வந்து நிற்கும். நிற்பவர்களைப் பார்த்து, நிற்காதவர்கள் போன் போடுவார்கள். அத்தனையையும் கேட்டுக்கொள்ள அலுவலகக் கூடத்தில் மூன்றே மூன்று பெண்கள், முகக்கவசத்தோடு.

கடைசி மேசைக்காரிக்கு நல்ல குரல். அதனால்தான் அதிகாரி அவளைப் பேசச்சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தார். "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஊருக்கெல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவள் குரல்தான்.

ஆனால் காது எங்கே இருந்தாலும் அவள் மனசு வீட்டில் இருந்தது. கணவன் வேலைக்குப் போன ஊரில் மாட்டிக்கொண்டான். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. ஆறு வயது மகளை யாரிடம் விடுவது? நேற்றுவரை கொஞ்சினவர்கள்கூட இப்போது அடுத்தவர் பிள்ளையை வாசற்படி ஏற்ற மாட்டார்கள். வேறு வழியில்லாமல் தினமும் காலையில் மகளை உள்ளே விட்டு, இரும்புக் கதவை வெளியே பூட்டிவிட்டு வந்தாள். கைப்பேசியைக் கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஆகவே இந்தப் புகார் எண்ணையே மகளுக்கு மனப்பாடமாக்கி, ஒரு பழைய போனையும் கொடுத்து வைத்திருந்தாள். "ஏதாவதுன்னா இதுக்குப் போடு. யார் எடுத்தாலும் அம்மாவக் கூப்பிடுங்கன்னு சொல்லு. என்ன ஆனாலும் பால்கனி கம்பிகிட்ட மட்டும் போகக்கூடாது, சரியா?"

பெண் சமர்த்து. சரி என்று தலையாட்டும்.

அன்று முற்பகலில் சன்னல்காரர் லைனில் வந்தார். அவள் வைத்த பெயர்தான் அது. அவள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர். கிருமி வந்துவிடும் என்று சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, கண்ணாடி வழியாக உலகத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். நாள் தவறாமல் புகார். ஒருநாள், "எங்க கீழ் வீட்டுக்காரி தினமும் கிளம்பிப் போறாம்மா. ஊர்ல இருக்கிற கிருமியெல்லாம் கொண்டாந்து மாடிப்படியில தடவப்போறா" என்று அவளிடமே சொன்னார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பதிவு செய்துட்டேன் ஐயா" என்றாள்.

"அம்மா, தெருவுல ஒரே கூட்டம்!" என்றார் இன்றைக்கு.

"சொல்லுங்க ஐயா."

"காய்கறி லாரிக்காரன் ஒருத்தன் எங்க கட்டட வாசல்ல குறுக்கால நிறுத்திட்டான். ரெண்டு பக்கமும் வண்டி நகரல. ஹாரன் காதைப் பிளக்குது. மளிகைக் கடை வரிசை மொத்தமும் கலைஞ்சு இங்க வந்து நிக்குது. இடைவெளியாவது மண்ணாவது! ஒருத்தர் மேல ஒருத்தர்."

அவள் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள்.

"லாரித் தார்ப்பாய அவுத்து விரிச்சு, ஆளுக்கொரு ஓரமா பிடிச்சிட்டு நிக்கிறாங்க. எல்லாரும் மேல பாத்துக் கத்துறாங்க. வேடிக்கை பாக்கிற நேரமாம்மா இது?"

விரல்கள் நின்றுவிட்டன. "மேல எதைப் பாக்கிறாங்க ஐயா?"

"எனக்கு எங்க தெரியுது? சன்ஷேடு மறைக்குது. எனக்குக் கீழ எதையோ பாக்கிறாங்க. புகை வேற வருது. மருந்து அடிக்கிறாங்க போல."

மருந்து அடிக்கும் வண்டியை அனுப்புவது பக்கத்து மேசைதான். இன்றைக்கு ஒரு வண்டிகூடக் கிளம்பவில்லை. வீட்டுச் சாவி கைப்பையில் இருந்தது. கைப்பை காலடியில் இருந்தது.

"ஐயா, நான் உங்க கீழ் வீட்டுக்காரி பேசறேன். என் பொண்ணு உள்ள இருக்கா. வெளிய பூட்டியிருக்கேன்."

மறுமுனையில் டேப்பைப் பரபரவென்று கிழிக்கும் சத்தம். சன்னல் திறந்ததும் தெரு மொத்தமும் அவள் காதுக்குள் வந்து விழுந்தது. ஹாரன், அலறல், இருமல். "குதி பாப்பா! நாங்க பிடிச்சுக்குவோம், குதி!"

"ஐயோ, நிக்கிறாம்மா!" பெரியவர் பாதி உடம்பை வெளியே நீட்டியிருக்க வேண்டும், குரல் தூரத்தில் கேட்டது. "பால்கனிச் செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா. புகை அவள மறைக்குது. கம்பிகிட்ட வரவே மாட்டேங்கிறா. அம்மா திட்டுவாங்கன்னு அழுவுறாம்மா!"

பக்கத்து மேசைக்காரி தீயணைப்புக்குப் போன் போட்டாள். வண்டி கிளம்பிவிட்டது, தெரு முனையில் நெரிசலில் நிற்கிறது என்று பதில் வந்தது. கம்பிகிட்டப் போகாதே என்று தினமும் சொன்ன வாய் இவளுடையது.

"ஐயா, ஸ்பீக்கர்ல போட்டு போனைக் கீழ நீட்டுங்க."

நீட்டினார். அவள் முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கூடம் அதிரக் கத்தினாள்.

"கண்ணு! அம்மாடி! கம்பி மேல ஏறு. அம்மா திட்ட மாட்டேன். ஏறிக் குதிச்சிடுடா செல்லம்!"

தெரு அடங்கிப்போனது. ஹாரன்கூட நின்றுவிட்டது. பிள்ளையை மாடியிலிருந்து குதிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள் அந்தத் தாய்.

பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. உடனே ஒரு பெருங்கூச்சல். அது சந்தோஷமா துக்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. பெரியவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். படிகளில் தடதடவென்று இறங்கும் காலடி, மூச்சு முட்டும் இருமல். இத்தனை நாளாக வாசலைத் தாண்டாத மனுஷர் புகைக்குள் இறங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு போனார்.

"பிடிச்சிட்டாங்கம்மா," என்றார் ஒருவழியாக. "முழுசா இருக்கா. இந்தா பாப்பா, பேசு."

யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்த தன் போனைக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

"அம்மா," என்றது குழந்தை, தேம்பிக்கொண்டே. "பால் சுட வெச்சேன்மா. துணி பத்திக்கிச்சு. நான் உனக்குப் போன் போட்டேன்."

"போட்டியா கண்ணு? யார் எடுத்தாங்க?"

"நீதான்மா எடுத்த. அம்மா தீ, அம்மா தீன்னு சொல்லிட்டே இருந்தேன். நீ காத்திருங்க, காத்திருங்கன்னே சொன்ன."