வெளியே போன முகவரி

வ்ராத்சா நகரில் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று டாக்சிக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. கணவனின் அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். முகவரி வெளியே தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

வீட்டின் இணையதளத்தைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டவள் நெவேனா. தளத்தை இயக்கும் பிஹெச்பி மென்பொருளின் பழைய பதிப்பை அன்றோடு எடுத்துவிடுவதாக, தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் சொல்லியிருந்ததால், மதியம் பின்னறையில் உட்கார்ந்து புதியதற்கு மாற்றினாள். தளம் வெறும் வெள்ளைத் திரையாகிவிட்டது. உதவி கேட்டு எழுதும் பக்கமும் போயிற்று. பதற்றத்தில், எங்கோ யாரோ எழுதியிருந்த ஒரு வரியை எடுத்துத் தளத்தின் அமைப்புக் கோப்பில் ஒட்டினாள். அது வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கான வரி.

கைப்பேசியில் திறந்து பார்த்தாள். பக்கம் வரவில்லை. பக்கத்தை உருவாக்கும் நிரலே கோப்பாக இறங்கியது. சமைத்துப் பரிமாற வேண்டிய சர்வர், பச்சை மாவையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டது.

கோப்பைத் திறந்து படித்தாள். ஆபத்து என்றால் போலீசுக்குத் தானாகக் கடிதம் போவதற்காக, முன்பு தளத்தைச் செய்தவர் வீட்டு முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். தெரு, கதவு எண், எல்லாம். நிரல் சர்வருக்குள்தானே ஓடும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஒட்டிய வரியை அழித்தாள். மறுபடி வெள்ளை. வருகைப் பதிவைத் திறந்தபோது இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கோப்பை எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள் கைப்பேசி. இன்னொன்று யாரென்று தெரியவில்லை.

ஹோஸ்டிங் உதவி எண்ணில் ருமென் என்ற இளைஞன் எடுத்தான்.

"யாரு தம்பி அது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"ஏதோ மொபைல் நெட்வொர்க், அக்கா. ஆள் யாருன்னு போலீஸ் கேட்டாத்தான் கம்பெனிக்காரன் சொல்லுவான்."

"தேடுபொறி ரோபோவா இருக்கக் கூடாதா?"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "இல்லக்கா. மனுஷக் கைதான். வரல வரலன்னு திரும்பத் திரும்ப அமுக்கியிருக்காங்க."

வீட்டை நடத்தும் யோர்தான்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள்.

"என்னத்தடி ஒட்டின? படிச்சுப் பார்க்காம யாராவது ஒட்டுவாங்களா? சரி, அழாத. அழுது ஒண்ணும் ஆகாது." போலீசைக் கூப்பிட்டாள். ரோந்து வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த ஸ்தனிமிரா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே வந்து நின்றாள்.

"என் புருஷன்தான் அது. ஃபோன் கடை வச்சிருக்கான். என் ஃபோனுக்குள்ளயே குடியிருந்து வேவு பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா?"

மற்ற பெண்கள் திரைகளை இழுத்துவிட்டார்கள். யாரும் உட்காரவில்லை.

"அக்கா, இருக்கீங்களா?" என்றான் ருமென், இன்னும் துண்டிக்காத ஃபோனில். "என் ஷிஃப்ட் முடிஞ்சுபோச்சு. ஆனா உங்க வாசல்ல போலீஸ் வந்து நிக்கிற வரைக்கும் ஃபோனை வைக்கமாட்டேன். அதுவரைக்கும் சும்மா இருந்தா பயம்தான் ஜாஸ்தியாகும். தளத்துல எங்க தப்புன்னு காட்டுற பிழைப் பதிவைத் திறங்க. கடைசி வரியைப் படிங்க."

படித்தாள். புதிய பிஹெச்பியில் இல்லாத பழைய கட்டளை ஒன்றின் பெயர் இருந்தது. "அவ்வளவுதானா?" என்றாள், அழுகைக்கு நடுவே.

"அவ்வளவுதான். முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா எனக்கும் பேச்சுத்துணை கிடைச்சிருக்கும்."

கட்டளையை மாற்றினாள். முகவரியை நிரலிலிருந்து நீக்கினாள். உதவிப் பக்கம் வந்து நின்ற அதே நேரம் வாசல் மணி அடித்தது.

"போலீசா?" என்று ருமென் கேட்டான். நெவேனா ஃபோனைப் பிடித்தபடியே எழுந்து வாசல் பக்கம் போனாள்.

யோர்தான்கா கதவுத் துளையில் கண் வைத்தாள். "பொம்பளை. தனியா நிக்கிறா." குரலை உயர்த்தி, "யார் வேணும்?" என்றாள்.

"உதவின்னு போட்டிருந்ததை அமுக்கினேன். ஏதோ ஃபைல் வந்துச்சு. ஒண்ணும் புரியல. நடுவுல இந்த அட்ரஸ் மட்டும்தான் புரிஞ்சுது. தயவுசெஞ்சு..."

யோர்தான்கா கதவிலிருந்து விலகிவந்தாள். "எவனாவது இவளை இப்படிப் பேசச் சொல்லி அனுப்பியிருப்பான். போலீஸ் வரட்டும். யாரும் அசையாதீங்க."

மணி மறுபடி அடிக்கவில்லை. வெளியே அந்தப் பெண் விசும்புவது கேட்டது.

ஸ்தனிமிரா கத்தியை மேசைமேல் வைத்தாள். கதவருகே போய்த் துளையில் நெடுநேரம் பார்த்தாள். "வீட்டுச் செருப்போட வந்திருக்கா. பனியில," என்றாள். யோர்தான்கா தடுக்குமுன் தாழ்ப்பாளை நீக்கினாள்.

பின்னால் யாரும் இல்லை. அந்தப் பெண் மட்டும் உள்ளே விழுந்தாற்போல் வந்தாள். பெயர் செவ்தா. உதடு கிழிந்திருந்தது.

ரோந்து வண்டி வந்த பிறகுதான் ருமென் ஃபோனை வைத்தான். ஆனால் செவ்தாவின் கைப்பேசி அவள் வீட்டு மேசையிலேயே கிடக்கிறது, அந்தக் கோப்பும் அதில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கணவன் அதை எடுத்துப் பார்த்தால் போதும்; இனி இந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்க முடியாது.

பயந்தபடியே மூட்டை கட்டினார்கள். எங்கே போகிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஸ்தனிமிரா தன் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை உருவி எடுத்து, செவ்தாவின் எதிரே மண்டியிட்டு, "காலை நீட்டும்மா," என்றாள்.