திருகைத் தொட்ட கை

யாரோ திருகைத் தளர்த்தியிருந்தார்கள். காலையில் சொட்டுச் சொட்டாக விழுந்த குளுக்கோஸ் தண்ணீர் இப்போது தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் அமிர்தவல்லி ஓடிவந்து ரப்பர் குழாயின் திருகை இறுக்கினாள். குழந்தையின் இமையைத் தொட்டுப் பார்த்தவள் முகம் மாறிப்போயிற்று.

“யாரு தொட்டது? ஏழு மாசப் பச்சப்புள்ள. பேதியில காஞ்சு கெடக்கான்னு ஒரேயடியாத் தண்ணிய ஏத்துனா நெஞ்சுல நீர் கோத்துக்கும். மூச்சு நின்னு போகும்.”

பெற்றவள் செவந்தி குனிந்து பார்த்தாள். கறம்பக்குடியில் பஸ் ஏறும்போது குழிவிழுந்து கிடந்த பிள்ளையின் கண்கள், இப்போது உப்பியிருந்தன.

கட்டிலருகே வேற்றாள் யாருமில்லை. ஊர்க் கண்மாயில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் அவள் புருஷன் நல்லதம்பி. அவனுடைய மூத்த தாரம் ராக்காயி. இந்த இரண்டு பேர்தான். பிள்ளை பெறாத ராக்காயி, கூப்பிடாமலே பஸ்ஸில் ஏறி வந்தவள். வந்ததிலிருந்து இரண்டு கைகளையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டு பாட்டிலையே வெறித்துக்கொண்டிருந்தாள். செவந்தி துணி அலசப் போன நேரத்தில் அந்தக் கை எங்கே இருந்ததோ?

“நீங்க கொஞ்சம் வெளியில இருங்கக்கா.”

ராக்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எதுக்குன்னு தெரியும்டி,” என்றவள் வராந்தாவுக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். பார்வை மட்டும் பாட்டிலை விட்டு நகரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் வாட்டசாட்டமான ஒருவனுக்குப் பாட்டில் மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது. நல்லதம்பி அதைக் காட்டி ஏதோ முணுமுணுத்தான். செவந்தியின் காதில் ஏறவில்லை. அவள் கண் ஜன்னலில் இருந்தது.

டாக்டர் கூப்பிடுவதாக ஆயா வந்து சொன்னாள். பிள்ளை மூத்திரம் போனானா என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜன்னலோரம் ஆளில்லை.

செவந்தி ஓடினாள். வாசலிலேயே தெரிந்தது. குழாயின் மேல் ராக்காயியின் கை.

கிட்டே போனதும்தான் பார்த்தாள். அந்தக் கைக்குள் இன்னொரு கை சிக்கியிருந்தது. நல்லதம்பியின் கை.

“விடுடி. அந்தத் தடியனுக்கு மளமளன்னு போகுது. எம்புள்ளைக்கு மட்டும் அந்த நர்சு திருகித் திருகி வஞ்சகம் பண்றா. காஞ்சு கெடக்குற வயலுக்குச் சொட்டுச் சொட்டாவா தண்ணி விடுவாக?”

குழந்தைக்கு மூச்சு இரைத்தது. அமிர்தவல்லி வந்து குழாயை அடைத்தாள். பின்னாலேயே வந்த டாக்டர், நீர் பிரிவதற்கு ஊசி போட்டார். பொழுது சாயும் நேரத்தில்தான் பிள்ளையின் துணி நனைந்தது, இரைப்பு அடங்கியது. இனி மெதுவாக ஏற்றலாம், ஆனால் யாராவது திருகில் கை வைத்தால் பிள்ளை தங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செவந்தி புருஷனிடம் திரும்பினாள். “நீங்க அங்கிட்டுப் போயி இருங்க.”

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவன் வெளியேறினான்.

“மொதல்லயே பாத்தீங்களாக்கா? ஏன் சொல்லல?”

“நான் சொன்னா நம்பியிருப்பியா?”

செவந்தி ஸ்டூலை இழுத்துப் பாட்டிலுக்குக் கீழே போட்டாள். ராக்காயி உட்காரவில்லை. கைகள் மறுபடி முந்தானைக்குள் போயிருந்தன.

“இப்ப நம்பிட்டியாக்கும்?”

“முழுசா நம்பலக்கா. உக்காருங்க.”

ராக்காயி உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடிமேல் விரித்து வைத்தாள்.

“இந்தா, இந்தக் கையைப் பாத்துக்கிட்டே இரு. நான் வாசலைப் பாத்துக்கிறேன்.”